ஒழுங்கு காட்டிக்கொடுக்கும் பொய்முடி: சரித்திரப் படங்களில் விக் ஏன் தெரிந்துவிடுகிறது?

சரித்திரப் படம் ஒன்றின் முன்னோட்டம் வெளியான சில மணி நேரத்துக்குள், அதில் ஒரு காட்சியை நிறுத்திப் பிடித்து, நாயகனின் நெற்றியில் சிவப்பு வட்டம் போட்டு, 'டோப்பா தெரிகிறது' என்று யாராவது பகிர்ந்துவிடுகிறார்கள். கோட்டைக்கும் கொத்தளத்துக்கும் போர்க்களத்துக்கும் கோடிகளைக் கொட்டியவர்களால் ஒரு நல்ல விக் வாங்க முடியாதா என்ற கேள்வி அடுத்த வரியிலேயே வந்துவிடும். பல நேரங்களில் அந்த விக் மட்டமானதாக இருப்பதில்லை. மனித முடியைக் கையால் முடிச்சிட்டு, நடிகரின் தலை அளவுக்கென்றே செய்த விக்குகளும் திரையில் தோற்றுப்போகின்றன. அதே விக்கை ஒப்பனை அறைக் கண்ணாடியில் பார்த்தபோது எல்லோருக்கும் திருப்தியாகவே இருந்திருக்கும். கண்ணாடியில் தேறியது கேமராவில் ஏன் தேறுவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் உயிருள்ள தலைமுடி எப்படி நிற்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

உயிருள்ள தலையில் முடி எப்படி நிற்கிறது?

ஒரு மனிதத் தலையில் ஏறத்தாழ 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒரு முடியின் தடிமன் பொதுவாக 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை. வளர்ச்சி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர். ஆனால் விக் செய்பவருக்கு இந்த எண்ணிக்கையைவிட, முடி தலையில் பரவியிருக்கும் விதம்தான் முக்கியம்.

1. நெற்றி ஓரத்தில் கோடு என்று ஒன்று கிடையாது. 'முடிக்கோடு' என்பது பேச்சு வசதிக்காக நாம் வைத்துக்கொண்ட சொல். உண்மையில் அங்கே இருப்பது ஒரு விளிம்புப் பட்டை: முதலில் வெறும் தோல், பிறகு கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பூனைமுடி, பிறகு ஒற்றை ஒற்றையாக மெல்லிய முடிகள், அதற்கும் பின்னால்தான் ஒரே துளையிலிருந்து இரண்டும் மூன்றுமாக எழும் அடர்ந்த முடி. இந்தப் பட்டை ஓரிடத்தில் முன்னே வரும், ஓரிடத்தில் பின்வாங்கும். இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

2. ஒவ்வொரு இடத்திலும் முடி வேறு திசையில் கிளம்புகிறது. உச்சியில் சுழி ஒன்று இருக்கும், சிலருக்கு இரண்டு. அங்கிருந்து முடி வட்டமாகப் பிரிந்து, முன்நெற்றியில் முன்னோக்கிச் சாய்ந்தும், காதோரத்தில் தோலோடு ஒட்டிக் கீழ்நோக்கியும், பிடரியில் இரு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கியும் வளர்கிறது.

3. எந்தத் தலையும் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. கருகருவென்று இருப்பதாகச் சொல்லப்படும் தலையிலும் பழுப்பு முடிகள் கலந்தே இருக்கும். நீண்ட முடியின் நுனி பல வருட வெயிலைப் பார்த்தது. வேரோ நேற்று முளைத்தது. ஆகவே நுனி வெளுத்தும் வேர் கறுத்தும் இருப்பது இயல்பு.

4. நீளமும் சமமாக இருப்பதில்லை. நாள்தோறும் 50 முதல் 100 முடிகள் உதிர்ந்து, அந்த இடங்களில் புதியவை முளைத்துக்கொண்டே இருப்பதால், எவ்வளவு படியச் சீவிய தலையிலும் குட்டையான பிசிறுகள் தூக்கிக்கொண்டு நிற்கும்.

இந்த நான்கிலும் பொதுவாக இருப்பது ஒழுங்கின்மை. விக் என்பது மனிதக் கை ஒரு சீரான வலையின் மேல் சீராகச் செய்யும் பொருள். சிக்கல் இந்த இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. மீதி எல்லாம் அந்தச் சீரை எப்படிக் குலைப்பது என்ற முயற்சிதான்.

வலையும் முடிச்சும்

மலிவான விக்குகளில், முடியை வரிசையாகத் தைத்த நாடாக்களை ஒரு தொப்பியின் மேல் சுற்றுச் சுற்றாகத் தைத்துவிடுவார்கள். கூட்டத்தில் தூரத்தில் நிற்கும் துணை நடிகர்களுக்கு இதுவே போதும். முகம் நெருங்கித் தெரிய வேண்டிய பாத்திரத்துக்கு லேஸ் விக் வேண்டும். லேஸ் என்றதும் துணி ஓரத்தில் தைக்கும் பூவேலை நாடாவை நினைத்துவிடக் கூடாது. இது அறுகோணக் கண்களைக் கொண்ட, மூச்சுப்பட்டால் அசையும் அளவுக்கு மெல்லிய வலைத் துணி. இத்தகைய வலையை எந்திரத்தில் நெய்ய முடிந்ததே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். ஜான் ஹீத்கோட் என்ற ஆங்கிலேயர் 1808, 1809 ஆண்டுகளில் அதற்கான காப்புரிமைகளைப் பெற்றார்.

வேலை அளவெடுப்பதில் தொடங்குகிறது. நடிகரின் தலையில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இறுகச் சுற்றி, அதன் மேல் ஒளிபுகும் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினால், தலையின் வடிவம் ஒரு ஓடு போலக் கிடைத்துவிடும். நெற்றி ஓரம், காதைச் சுற்றிய வளைவு, பிடரி விளிம்பு, சுழி, வகிடு எல்லாவற்றையும் அந்த ஓட்டின் மேலேயே பேனாவால் குறித்து, தலை உருவக் கட்டையின் மேல் பொருத்தி, அதற்கு அளவாக வலையைத் தைக்கிறார்கள்.

அதன் பிறகு முடிச்சிடும் வேலை. மீன் தூண்டில் முள்ளைச் சிறிதாக்கியது போன்ற கொக்கி ஊசி ஒன்று கையில் இருக்கும். மடித்துப் பிடித்த முடிக்கற்றையை இடது கை விரல்கள் பிடித்திருக்க, கொக்கி வலையின் ஒரு நூலுக்கு அடியில் நுழைந்து மறுபுறம் தலை நீட்டி, மடிப்பிலிருந்து வேண்டிய முடியை மட்டும் கவ்வி, நூலுக்கடியில் இழுத்து, ஒரு சுற்றுச் சுற்றி, தன் வழியாகவே வெளியே எடுத்து இறுக்குகிறது. இது ஒரு முடிச்சு. பின்னந்தலையில் ஒரு முடிச்சுக்கு மூன்று நான்கு முடிகள் போகலாம். முன்னே வர வர அது இரண்டாகும். கடைசிச் சில வரிசைகளில் ஒரு முடிச்சுக்கு ஒரே முடி. தலை முழுவதையும் இப்படி முடிக்க ஒருவருக்கு வாரக்கணக்கில் ஆகும்.

வலையின் கண்கள் வரிசையாக இருப்பதால் முடிச்சும் வரிசையாகவே விழப் பார்க்கும். தேர்ந்த கை வேண்டுமென்றே கண்களைத் தாண்டிப் போகும். ஓரிடத்தில் நெருக்கி, ஓரிடத்தில் விட்டுப்போடும். ஓரத்து முடிகளில் சிலவற்றைச் சற்றே தவறான திசையில் கட்டும். கறுப்பு முடியின் முடிச்சு வெளிர் வலையின் மேல் புள்ளியாகத் தெரியும் என்பதால், ஹைட்ரஜன் பெராக்சைடு கலவையால் முடிச்சுகளை மட்டும் வெளுக்கச் செய்வதும் உண்டு. கலவை கொஞ்சம் கூடுதலாக ஊறிவிட்டால் முடியின் வேர்ப்பகுதியும் செம்பட்டையாகிவிடும், முடிச்சும் வலுவிழக்கும்.

அளவுக்கு மீறிய அடர்த்தியும் ஒரு குற்றமே. கொடுத்த காசுக்கு நிறைய முடி இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் தயாரிப்புத் தரப்பில் இருப்பதாலோ என்னவோ, பல விக்குகள் தலைக்கவசம் போல உப்பி நிற்கின்றன. உயிருள்ள தலையில் வகிட்டில் தோல் தெரியும். காற்றடித்தால் காதோரத்திலும் தெரியும். தோல் எங்குமே தெரியாத தலையைப் பார்வையாளர் ஏன் என்று சொல்லத் தெரியாமலேயே நம்ப மறுக்கிறார்.

கேமராவின் கணக்கு

மேடை நாடகத்தில் தேறிய விக் திரையில் தேறாமல் போவதற்குக் காரணத்தை எண்களிலேயே காட்டிவிடலாம். நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ 1 ஆர்க்மினிட், அதாவது ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு. 10 மீட்டர் தூரத்தில் அமர்ந்திருப்பவருக்கு இது சுமார் 3 மில்லிமீட்டர். அதைவிடச் சிறிய எதுவும் அவர் கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள வலைக்கண்ணோ, அதைவிடச் சிறிய முடிச்சோ அவருக்கு இல்லாத பொருள்.

இப்போது ஒரு க்ளோசப்பை எடுத்துக்கொள்வோம். முகமும் அதைச் சுற்றிக் கொஞ்சம் இடமும் தெரிய, சட்டகத்தின் அகலத்தில் 40 சென்டிமீட்டர் அடங்குகிறது என்று வைத்துக்கொண்டால்:

1. 720 பிக்சல் அகலமுள்ள பழைய தொலைக்காட்சித் தரத்தில் ஒரு பிக்சல் சுமார் 0.56 மில்லிமீட்டரைக் குறிக்கும்.

2. 1920 பிக்சல் அகலமுள்ள எச்டி தரத்தில் இது 0.21 மில்லிமீட்டர்.

3. 4096 பிக்சல் அகலமுள்ள திரையரங்க 4கே தரத்தில் 0.1 மில்லிமீட்டருக்கும் கீழே வந்துவிடுகிறது. கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன்.

லென்ஸின் கூர்மையும், கேமராவுக்குள் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சார் நிறங்களைப் பிரித்தறியும் முறையும் இந்தத் துல்லியத்தை நடைமுறையில் ஓரளவு குறைத்துவிடும் என்றாலும், கணக்கு போகும் திசை மாறுவதில்லை. பழைய தொலைக்காட்சியில் நான்கைந்து முடிகள் சேர்ந்து ஒரு புள்ளியாகிவிட்ட இடத்தில், இன்று ஒவ்வொரு முடியும், அதை இறுக்கிய முடிச்சும், அந்த முடிச்சைத் தாங்கும் நூலும் தனித்தனியாகப் பதிவாகின்றன. பழைய படங்களில் விக் இவ்வளவு உறுத்தவில்லையே என்று சொல்பவர்களின் நினைவு முற்றிலும் தவறல்ல. படச்சுருளின் துகள்களும், பிரதி மேல் பிரதி எடுத்த மங்கலும், குறைந்த தரத்தில் ஒளிபரப்பான வடிவமும் அந்த விக்குகளுக்குத் திரைபோட்டிருந்தன. அவற்றில் சில இப்போது 4கே மறுபதிப்பாக வரும்போது, அக்காலத்தில் எவர் கண்ணிலும் படாத வலை ஓரங்கள் வெளிச்சத்துக்கு வருகின்றன.

கூர்மைக்கு அப்பால் இன்னொரு தொல்லையும் உண்டு. சென்சாரில் பிக்சல்கள் கட்டம் கட்டமாக அமைந்திருக்கின்றன. வலையும் கட்டம் கட்டமானது. ஒரு சீரான அமைப்பின் மேல் இன்னொரு சீரான அமைப்பு விழும்போது, இரண்டிலும் இல்லாத அலைக்கோடுகள் தோன்றும். மெல்லிய கோடுபோட்ட சட்டை திரையில் நெளிவது போலத் தெரிவதும் இதனால்தான். இதற்கு மொவாரே என்று பெயர். நெற்றி ஓரத்து வலையில் இது மெலிதாக நேர்ந்தாலும், அந்த இடம் மட்டும் தோலைப் போல இல்லாமல் துணியைப் போல மினுங்கும்.

வெளிச்சம் சொல்லும் உண்மை

முடியின் மேற்பரப்பு கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்களால் ஆனது. இந்தச் செதில்கள் நுனியை நோக்கிச் சுமார் 3 பாகை சாய்ந்திருக்கின்றன. 2003-இல் ஸ்டீபன் மார்ஷ்னரும் அவருடைய சக ஆய்வாளர்களும் கணினி வரைகலைக்காக வெளியிட்ட ஆய்வு, இந்தச் சாய்வின் விளைவை விளக்கியது: ஒரு முடியில் இரண்டு பளபளப்புகள் தெரிகின்றன. மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி விளக்கின் நிறத்திலேயே தெரியும். முடிக்குள் புகுந்து பின்சுவரில் மோதித் திரும்பும் ஒளியோ முடியின் நிறத்தை ஏற்றுக்கொண்டு, அதிலிருந்து சற்றுத் தள்ளித் தெரியும். வெயிலில் நிற்கும் ஒருவரின் கறுத்த கூந்தலில் வெள்ளை மினுப்புக்குப் பக்கத்திலேயே ஒரு பழுப்பு ஒளி தெரிவது இதனால்தான்.

செயற்கை இழைக்கு இந்தச் செதில்கள் இல்லை. அதன் மேற்பரப்பு வழவழப்பாக, இழைக்கு இழை மாறாமல் இருப்பதால், ஒளி ஒரே பட்டையாகத் திரும்பிப் பொம்மைத் தலையின் பளபளப்பைத் தருகிறது. பவுடரோ, மினுப்பைக் குறைக்கும் தெளிப்பானோ போட்டு இதை அடக்கலாம். ஆனால் மினுப்பு குறையுமே தவிர, அந்த இரண்டாவது பழுப்பு ஒளி வந்துவிடாது. மனித முடியிலும், அமிலத்தில் செதில்களை உரித்துவிட்டு மேலே சிலிக்கோன் பூசி விற்கப்படும் வகை முதலில் நன்றாக மின்னும். சில முறை அலசியதும் பூச்சு போய், பஞ்சு போலாகிவிடும். செதில்கள் உரிக்கப்படாமல், வேரும் நுனியும் கலந்துவிடாமல் ஒரே திசையில் அடுக்கப்பட்ட முடிக்குத்தான் நல்ல விக் செய்பவர்கள் காத்திருப்பார்கள்.

விளக்கு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதும் விக்கின் தலையெழுத்தை மாற்றும். முன்னாலிருந்து வரும் மென்மையான ஒளி வலையை மன்னித்துவிடும். பக்கவாட்டிலிருந்து கூர்மையாக வரும் ஒளியில், ஒட்டிய வலையின் விளிம்பு காகிதத் தடிமன்கூட இல்லாதபோதும், நிழல் போட்டுத் தன்னைக் காட்டிக்கொள்ளும். பின்னாலிருந்து வரும் ஒளி இன்னும் மோசம்: தோலை விட்டுச் சற்றே தூக்கிய வலை, அந்த ஒளியில் வெள்ளை ஓரமாகச் சுடர்விடும். சரித்திரப் படங்கள் தீப்பந்தத்தையும் சன்னல் வெளிச்சத்தையும் விரும்புகின்றன. இரண்டுமே பக்கவாட்டு ஒளிகள். ஒளிப்பதிவாளர் விரும்பும் அழகும் விக் கேட்கும் கருணையும் பெரும்பாலும் எதிரெதிர்த் திசையில்தான் நிற்கின்றன.

நிறத்தில் இரண்டு பொறிகள் உள்ளன. முதலாவது, மெட்டாமெரிசம் எனப்படுவது. நடிகரின் சொந்த முடியின் நிறம் மெலனின் என்ற நிறமியால் வருகிறது. விக்கின் நிறம் சாயத்தால் வருகிறது. இரண்டும் பகல் வெளிச்சத்தில் ஒன்றுபோலவே தெரிந்தாலும், எல்இடி விளக்கின் கீழ் ஒன்று பச்சை தட்டியும் மற்றது சிவப்பேறியும் பிரிந்து நிற்கலாம். சொந்தக் கிருதாவும் விக்கும் சேரும் காதோரத்தில் இது பளிச்சென்று தெரியும். இரண்டாவது பொறி அகச்சிவப்பு ஒளி. வெயிலில் படமெடுக்கும்போது லென்ஸுக்கு முன்னால் வைக்கும் சாதாரண என்டி ஃபில்டர், கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் குறைக்கும் அளவுக்கு அகச்சிவப்பைக் குறைப்பதில்லை. அதை ஓரளவு உணரும் சென்சாரில், கறுப்புச் சாயமிட்ட சில செயற்கை இழைகள் அரக்கு நிறமாகப் பதிவாகும். அகச்சிவப்பையும் தடுக்கும் ஃபில்டரைப் பயன்படுத்தினால் தீரக்கூடிய பிரச்சினை என்றாலும், ஒத்திகைப் படப்பிடிப்பிலேயே கண்டுபிடித்தால்தான் உண்டு.

தலையில் ஏற்றும் முறை

நன்றாகச் செய்த விக்கும் ஒட்டுவதில் கெடும். வரிசை ஏறத்தாழ இதுதான்.

1. சொந்த முடியைத் தட்டையாக்குதல். முடியைச் சிறு சுருள்களாக்கி ஊசியால் தலையோடு படிய வைத்தோ, ஒட்டிப் பின்னியோ, அதன் மேல் மெல்லிய காலுறைத் துணித் தொப்பியை இழுத்து மாட்டுவார்கள். இங்கே அவசரப்பட்டால் உச்சியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடிவிடும். நெற்றி அப்படியே இருக்க மண்டை மட்டும் பெரிதாகிவிட்ட அரசர்களைத் திரையில் நிறையப் பார்த்திருக்கிறோம்.

2. இடம் பொருத்துதல். விக்கின் ஓரம் சொந்த முடி தொடங்கும் இடத்திலோ, அதற்கு மயிரிழை முன்னாலோ உட்கார வேண்டும். கீழே இறங்கினால் நெற்றி குறுகும், மேலே ஏறினால் உள்ளேயிருக்கும் சொந்த முடி எட்டிப்பார்க்கும்.

3. ஓரத்தை வெட்டி ஒட்டுதல். மீதி வலையைச் சில மில்லிமீட்டர் மட்டும் விட்டு, நேராக வெட்டாமல் வளைந்து நெளிந்து வெட்டுவார்கள். நேர்க்கோட்டைக் கண் உடனே பிடித்துவிடும். பிசினைச் சாராயத்தில் கரைத்த ஸ்பிரிட் கம், அல்லது தோலுக்கான சிலிக்கோன் பசை, மெல்லிய படலமாகத் தோலில் பூசப்படுகிறது. பசை பிசுக்கென்று ஆகும்வரை காத்திருந்து, வலையை இழுக்காமல் வைத்து, ஈரத் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது.

4. சந்திப்பை மறைத்தல். வலையின் மேல் அடர்த்தியாக ஒப்பனைக் குழம்பைப் பூசுவதுதான் பலர் செய்யும் தவறு. வலைக்கண்கள் அடைபட்டு, அந்த இடம் தோலைப் போல ஒளியை உள்வாங்காமல் சுண்ணாம்புப் பட்டையாகிவிடும். வலைக்கே தோலின் நிறத்தில் முன்கூட்டியே சாயம் ஏற்றிவிட்டு, ஓரத்தில் புள்ளி புள்ளியாக மட்டும் நிறம் தொட்டு வைப்பது நல்ல முறை. நடிகரின் காதோரப் பிசிறுகளையும் நெற்றிப் பூனைமுடியையும் வெளியே எடுத்துவிட்டு விக்கோடு கலந்து சீவினால், பொய் எங்கே தொடங்குகிறது என்பதே குழம்பிப்போகும்.

இத்தனையும் முடிந்த பிறகு நடிகரைப் புருவத்தை உயர்த்தச் சொல்ல வேண்டும். புருவத்தைத் தூக்கும் நெற்றித் தசை மேலே தலைத்தோலோடு இணைந்திருப்பதால், ஒவ்வொரு முறை புருவம் உயரும்போதும் நெற்றியும் முடி ஓரமும் சேர்ந்து அசைகின்றன. விறைத்த பசையால் ஒட்டிய வலை அந்த அசைவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் பக்கவாட்டில் சுருக்கம் விழும். முன்னோட்டங்களில் வட்டமிட்டுக் காட்டப்படும் குறைகளில் பல, நடிகர் கோபப்படும் கணத்திலோ அழும் கணத்திலோ நிறுத்திப் பிடிக்கப்பட்டவை என்பது தற்செயல் ஆகாது. வியர்வை இதை இன்னும் கெடுக்கும். நெற்றிப் பொட்டு ஓரங்களில்தான் பசை முதலில் விடும்.

எந்தக் காலத்து முடி?

இதுவரை சொன்னது எந்தப் படத்துக்கும் பொருந்தும். சரித்திரப் பாத்திரத்துக்கு வரும்போது, விக் தெரியக் கூடாது என்பதோடு, அந்த முடி அந்தக் காலத்தில் இருந்திருக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்கிறது.

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது, அந்தப் பாத்திரம் கதைக்குள்ளேயே விக் அணிந்தவரா இல்லையா என்பதை. பிரெஞ்சு அரசர் 13-ஆம் லூயி, இளமையிலேயே வழுக்கை விழுந்ததால் 1624-இல் விக் அணியத் தொடங்கியதிலிருந்து, 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பிய மேட்டுக்குடி ஆண்கள் விக்கை வெளிப்படையாகவே அணிந்தார்கள். மாவுச்சத்துப் பொடியை அதன் மேல் தூவினார்கள். பிரிட்டன் 1795-இல் அந்தப் பொடிக்கு ஆண்டுக்கு 1 கினி வரி விதித்தது அந்த வழக்கத்தின் சரிவை விரைவுபடுத்தியது. இத்தகைய பாத்திரத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத லேஸ் ஓரம் வைப்பது, பார்க்கப்போனால், வரலாற்றுப் பிழை. அந்தக் கால விக்கின் முன் விளிம்பு தெரிந்தது. அதன் அடியில் மழித்த அல்லது ஒட்ட வெட்டிய தலை இருந்தது. கோட்டின் தோளில் பொடி உதிர்ந்து கிடந்தது. பாத்திரம் அறைக்குள் போய் விக்கைக் கழற்றி மேசையில் வைக்கும் காட்சி இருந்தால், கழற்றிய தலையில் தெரியும் அரை அங்குலச் சொந்த முடிக்குத்தான் நுட்பமான லேஸ் வேலை தேவைப்படும்.

சொந்த முடியாகவே காட்ட வேண்டிய பாத்திரங்களில், பெரும்பாலான பிழைகள் இன்றைய சலூன் அந்தக் காலத்துக்குள் நுழைந்துவிடுவதால் வருகின்றன. அடுக்கடுக்காக வெட்டி நுனியை மெல்லியதாக்குவது இன்றைய வெட்டுமுறை. சூடான இடுக்கியால் மடிப்பு அலையைச் சீராக எழுப்பும் முறையை மார்செல் கிராத்தோ பாரிஸில் பரப்பியதே 1870-களில்தான். நிலையான சுருள் எனப்படும் பெர்ம் வந்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பத்தாம் நூற்றாண்டு வீரனின் தோளில் ஒரே விட்டமுள்ள சுருள்கள் வரிசையாகப் புரள்வதைப் பார்க்கும்போது, பார்வையாளருக்கு இந்த வருடங்கள் தெரியாவிட்டாலும், அந்தச் சுருள் ஒரு கருவியின் தடிமனில் உருண்டது என்பது தெரிந்துவிடுகிறது. ஷாம்பூ இல்லாத உலகத்தில் வேர்ப்பகுதியில் எண்ணெய்ப் பிசுக்கும் நுனியில் வறட்சியும் இருக்கும். இரும்புத் தொப்பியை இப்போதுதான் கழற்றியவனின் முடி, அது அழுத்திய வட்டத்தில் படிந்து, கீழே வியர்வையில் திரிதிரியாக இருக்க வேண்டும். விக் துறையினர் கண்ணும் கருத்துமாகச் செய்த சீவலை இப்படிக் கெடுப்பதற்கு மனம் வராமல் விட்டுவிடும் இடத்தில்தான் பல போர்க்காட்சிகள் விளம்பரப் படமாகிவிடுகின்றன.

சான்றுகளை வாசிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். 1839-இல் புகைப்படக் கலை பொதுவெளிக்கு வந்ததிலிருந்து நேரடிச் சான்று கிடைக்கிறது என்று நம்பி அந்தப் படங்களைப் பார்த்து நிறம் முடிவு செய்தால் ஏமாறுவோம். 19-ஆம் நூற்றாண்டின் தகடுகள் பெரும்பாலும் நீல ஒளியை மட்டும் உணர்ந்தன. மஞ்சளும் சிவப்பும் அவற்றில் கறுப்பாகவே விழும். படத்தில் கறுத்துத் தெரியும் முடி நேரில் செம்பட்டையாகவோ பொன்னிறமாகவோ இருந்திருக்கலாம்.

ஒட்டுமீசை தனிக்கதை

தலையைவிட மேலுதடு மிக அதிகமாக அசையும் இடம். அதனால் மீசையை ஒரே துண்டாகச் செய்யாமல், மூக்குக்குக் கீழுள்ள பள்ளத்தில் இரண்டாகப் பிரித்துச் செய்வது நல்லது. ஒரே துண்டு மீசை, பேசும்போது பாலம் போல நடுவில் தூக்கிக்கொள்ளும். தாடி முடி தலைமுடியைவிடத் தடிமனானது, முரடானது. பலருக்கு நிறமும் சற்று வெளிறியோ சிவந்தோ இருக்கும். ஆகவே தலைக்குப் பயன்படுத்திய அதே முடியிலேயே தாடியும் செய்தால், அது தாடையில் தொங்கும் கூந்தலாகவே தெரியும். நரைத்த தாடிக்கும் முரட்டு இழைக்கும் யாக் மாட்டின் முடியைக் கலப்பது நீண்டகால வழக்கம்.

கலைந்ததைத் திரும்பக் கலைத்தல்

இயல்புக்கு ஒழுங்கின்மை வேண்டும் என்ற விதி, படப்பிடிப்பு தொடங்கியதும் தன்னுடன் தானே மோதிக்கொள்கிறது. ஒரே காட்சி பல கோணங்களில், சில நேரம் பல நாள் இடைவெளியில் எடுக்கப்படுகிறது. உயிருள்ள முடியும் அந்த இடைவெளியில் மாறும் என்றாலும், விக் ஒவ்வொரு இரவும் கழற்றப்பட்டு, ஓரத்துப் பசை கரைப்பானால் சுத்தம் செய்யப்பட்டு, கட்டையில் ஏற்றி மீண்டும் சீவப்படும் பொருள். மறுநாள் அது நேற்றைவிட ஒழுங்காகத் திரும்பி வந்துவிடுகிறது. ஆகவே நேற்றைய கலைவைப் புகைப்படங்களில் பதிவு செய்து, நெற்றியில் விழுந்த கற்றை எந்தப் பக்கம், எத்தனை திரி, இமையைத் தொட்டதா இல்லையா என்று பார்த்துப் பார்த்து, அதே போலக் கலைக்க வேண்டும். கன்டினியூட்டி என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் அன்றாட வேலை இதுதான். மழையோ சண்டையோ உள்ள பாத்திரத்துக்கு ஒரே மாதிரி இரண்டு மூன்று விக்குகள் செய்வதும், சண்டைக் கலைஞருக்குத் தனியாக ஒன்று செய்வதும் இதன் தொடர்ச்சி. இந்தக் கூடுதல் விக்குகளில்தான் சிக்கனம் பிடிக்கப்படும். திரையில் அதுதான் தெரியும்.

கடைசியில் ஓரம் தெரிந்தே விட்டால், விஎஃப்எக்ஸ் எனப்படும் கணினி வரைகலைப் பிரிவு அதை அழிக்கிறது. நொடிக்கு 24 சட்டகங்கள் என்ற கணக்கில் 3 நொடிக் காட்சிக்கு 72 சட்டகங்கள். ஒவ்வொன்றிலும் அசையும் நெற்றியைப் பின்தொடர்ந்து வலையை மறைத்து, அங்கே தோலை வரைய வேண்டும். நூற்றுக்கணக்கான ஷாட்டுகளில் இதைச் செய்யும் செலவில் முன்கூட்டியே நல்ல விக்குகள் செய்திருக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது பெரும்பாலும் படம் முடிந்த பிறகுதான். இந்தத் துப்புரவு வேலை வெளியீட்டுக்குச் சற்று முன்பு வரை நடந்துகொண்டிருக்கும். முன்னோட்டமோ அதற்கு வாரங்கள் முன்பே வெளியாகிவிடுகிறது. எனவே சிவப்பு வட்டத்துக்குள் சிக்கும் சட்டகங்களில் சில, அந்த 72-இல் இன்னும் கைபடாதவையாக இருக்க வாய்ப்புண்டு. திரையரங்கில் அதே காட்சி வரும்போது அதே நெற்றியை மறுபடி பார்த்தால், எந்தக் குறை ஒட்டியதில் இருந்தது, எது வேலை முடியாமல் போனது என்று பிரித்துவிடலாம்.